சலேத் அன்னையின் மலைப்பாதையில் இரு மிதிவண்டிகள்

மாதா திருத்தலங்களுக்கு நடைப்பயணமாகச் செல்வோரைப் பற்றி இவ்விதழில் பலர் எழுதியிருக்கின்றனர். மிதிவண்டியில் மலையேறிச் சென்ற எங்கள் கதையையும் எழுதுமாறு பங்குத்தந்தை பலமுறை வற்புறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பயணம் அது. எனினும் அந்த எட்டு நாட்களில் ஒரு நாளையேனும் நாங்கள் மறந்ததில்லை.

நாங்கள் என்பது அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவர். இதனை எழுதுவது மூத்தவரா இளையவரா என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி அனுப்புகிறோம். இருவரிடமும் குற்றம் இருந்த காரணத்தால் இருவரும் சேர்ந்து சொல்வதே முறை.

எங்கள் ஊர் மணப்பாறைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். தந்தையார் உபதேசியாராக இருந்தவர். சுற்றிலும் இருந்த ஏழு ஊர்களுக்கும் அவருடைய மிதிவண்டியே அவரைச் சுமந்து சென்றது. ஞாயிறன்று குருவானவர் வர இயலாத ஊர்களில் செபம் சொல்வது, நோயாளிகளைச் சந்திப்பது, திருமண ஓலை வாசிப்புக்கு விவரம் சேகரிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கறுப்பு வண்டிதான். கைப்பிடியில் ஒரு துணிப்பை, பின் இருக்கையில் செபப்புத்தகமும் குடையும். பள்ளி விடுமுறை நாட்களில் எங்களில் ஒருவர் முன் கம்பியிலும் ஒருவர் பின் இருக்கையிலும் அமர்ந்து அவரோடு சென்றதுண்டு.

1959-ஆம் ஆண்டில் எங்களுள் இளையவருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. அப்போது அவருக்கு வயது நான்கு. பதினெட்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை பிழைக்காது என்று உறவினர்கள் கூடிவிட்ட இரவில், தந்தையார் கொடைக்கானல் சலேத் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்தார். குழந்தை பிழைத்தால் ஆகஸ்டுத் திருவிழாவிற்குத் தம் மிதிவண்டியிலேயே மலையேறி வந்து நன்றி செலுத்துவதாக வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தது. நேர்ச்சை மட்டும் நிறைவேறவில்லை. ஓர் ஆண்டு மழை பொய்த்தது. ஓர் ஆண்டு தங்கைக்குத் திருமணம். ஓர் ஆண்டு மாடு இறந்தது. “அடுத்த வருசம் ஆகட்டும்” என்று சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1981-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த ஓராண்டிற்குள் வீட்டின் நடு முற்றத்தில் ஒரு சுவர் எழுந்தது.

சுவருக்குக் காரணம் கணக்கு. எங்களுள் மூத்தவர் பள்ளி ஆசிரியர், மாதச் சம்பளக்காரர். தந்தையாரின் இறுதிக்கால மருத்துவச் செலவு முழுவதையும் தாமே ஏற்றதாகவும், அது 1,200 ரூபாய் என்றும், அதற்கு ஈடாகக் கிணற்றை ஒட்டிய நிலம் தமக்கு வரவேண்டும் என்றும் கேட்டார். இளையவர் மணப்பாறையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பெற்றோருடன் இருந்து இரவு பகலாகப் பார்த்துக்கொண்டவர் தாமே என்றும், அந்த உழைப்புக்குக் கணக்கு எழுதப்படவில்லை என்றும் அவர் சொன்னார். இரண்டும் உண்மையே. இரண்டு உண்மைகள் மோதிக்கொண்டால் எவ்வளவு கொடிய சண்டை வரும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். பெரியவர்கள் கூடி நிலத்தைப் பிரித்தனர், பாத்திரங்களைப் பிரித்தனர், முற்றத்தைப் பிரித்தனர். தந்தையாரின் வண்டி மூத்தவர் பங்கில் சேர்ந்தது. அம்மாவை மட்டும் பிரிக்க இயலாமையால், ஒரு மாதம் இப்புறமும் ஒரு மாதம் அப்புறமும் உண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் எங்கள் தாய் தம் தலையணையையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி அடுத்த வாசலுக்கு நடந்து செல்வார். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருவரும் பேச்சற்று இருந்தோம்.

1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு பிறந்தபோது, அம்மா இரு வீட்டாரையும் வாசலுக்கு அழைத்தார். “உங்க அப்பா கடனோட போயிட்டாரு. பணக்கடன் இல்லடா, மாதாவுக்குப் பட்ட கடன். ரெண்டு பேரும் சேந்து போயி அடைச்சுட்டு வாங்க. ஒருத்தர் மட்டும் போறதா இருந்தா போகவேண்டாம்” என்றார். தாயின் சொல்லை மறுக்கும் துணிவு எங்களுக்கில்லை. சேர்ந்து பேசும் மனமும் இல்லை. எனவே பேசாமலே புறப்பட்டோம்.

சமவெளியில் இரண்டு நாட்கள்

ஆகஸ்டு 11, வியாழக்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்கு இரு வண்டிகளும் புறப்பட்டன. மூத்தவர் தந்தையாரின் பழைய வண்டியில். இளையவர் தம் சொந்த வண்டியில். கட்டுச்சோறாகப் புளிச்சோறு, ஒரு துணிப்பை நிறைய மணப்பாறை முறுக்கு, வறுத்த வேர்க்கடலை, ஆளுக்கொரு கம்பளி. இளையவரின் வண்டியில் கூடுதலாக ஒரு தோல் பை தொங்கியது. அதனுள் ஸ்பேனர்கள், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஒரு சிறு சுத்தியல், ஒரு குறடு ஆகியவை இருந்தன.

வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூத்தவர் முன்னால்; ஐம்பது அடி பின்னால் இளையவர். வழியில் தேநீர்க் கடையில் நின்றால், மூத்தவர் கடைக்காரரிடம், “அவருக்கும் ஒரு டீ கொடுங்க” என்பார். இளையவர் குடித்துவிட்டு, “அவருக்கும் சேத்து எடுத்துக்குங்க” என்று காசை வைப்பார். கடைக்காரர் எங்கள் இருவர் முகங்களையும் மாறிமாறிப் பார்ப்பார். ஒரே சாயல் உள்ள இரண்டு முகங்கள்!

அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லுக்குப் பிற்பகலில் சேர்ந்தோம். அன்று கடந்தது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். புனித சூசையப்பர் ஆலயத்தில் செபித்துவிட்டு அருகிலேயே ஒரு திண்ணையில் படுத்தோம். 2003-இல் திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானபோது அவ்வாலயமே பேராலயமாயிற்று. அன்றிரவு எங்களுக்கு அது வெறும் படுக்குமிடமாகவே தோன்றியது. மனத்தில் பகை இருக்கும்போது ஆலயமும் சத்திரமாகிவிடுகிறது.

மறுநாள் செம்பட்டி வழியாக வத்தலக்குண்டுக்குச் சென்றோம். இடப்புறம் சிறுமலை பின்தங்கிப் போக, எதிரே பழனி மலைத்தொடர் நீல நிறத்தில் ஒரு மதிலைப் போல எழுந்து நின்றது. அதன் உச்சியை மேகம் மூடியிருந்தது. “அங்கேயா ஏறப் போகிறோம்?” என்று இருவரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டோம். வாய்விட்டுக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லைத் தாண்டியது முதற்கொண்டு மூத்தவரின் வண்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிதி ஒருமுறை சுற்றிவரும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஓர் ஒலி. மிதிக்கட்டையைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது விரல் நீளமுள்ள ஓர் இரும்பு ஆணி. அதன் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். முனையில் மரையும் நட்டும் இருக்கும். சைக்கிள் கடைகளில் அதைக் காட்டர் பின் என்பார்கள். அது தேய்ந்து தளர்ந்தால்தான் அந்த ஒலி எழும். மூத்தவருக்கு அது தெரியாது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். இளையவருக்கு அந்த ஒலி என்னவென்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. ‘அவரே கேட்கட்டும், கேட்டால் பார்க்கலாம்’ என்று அவர் வாய் திறவாமல் பின்னால் வந்தார்.

மலைப்பாதை

சனிக்கிழமை விடியுமுன் வத்தலக்குண்டை விட்டு, காட்ரோடு என்று வழங்கும் பிரிவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவும் ஏற்றம். இப்பாதைக்கு வழி வகுத்தவர் மேஜர் லா என்னும் ஆங்கிலேயர். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இப்பாதை அமையுமுன் மலைக்குச் சென்றவர்கள், மறைப்பணியாளர் உட்பட, பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் டோலியிலும் ஏறினர்.

சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அதனை 50 கிலோமீட்டரில் பகிர்ந்தால், நூறு மீட்டர் செல்வதற்குள் சராசரி மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். காகிதத்தில் இது சிறிதாகத் தோன்றலாம். கியர் இல்லாத எங்கள் வண்டிகளோ, மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும் வகையில் சமவெளிக்கென்றே செய்யப்பட்டவை. ஏற்றத்தில் அந்த ஒரு சுற்றைச் சுற்றுவதற்கு உடலின் முழு எடையையும் மிதியின்மேல் நிறுத்த வேண்டும். எனவே இருக்கையை விட்டு எழுந்து சிறிது தூரம் மிதிப்பதும், மூச்சு முட்டும்போது இறங்கித் தள்ளுவதுமாகச் சென்றோம். இடையிடையே பேருந்துகள் முனகிக்கொண்டு எங்களைக் கடந்து சென்றன. பேருந்திலிருந்த குழந்தைகள் கையசைத்தனர்.

வெயில் ஏறஏறப் பாதையும் ஏறியது. கீழே மஞ்சளாறு அணையின் நீர் கண்ணாடித் துண்டுபோல் மின்னியது. புளியும் வேம்பும் மறைந்து, காப்பிச் செடிகளும் மலைவாழையும் தோன்றின. தொலைவில் தலையாறு அருவி பாறையினின்று வெள்ளை நூலாக இறங்கியது. அது 297 மீட்டர் உயரத்தினின்று விழும் அருவி. எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயருண்டு. டம்டம் பாறையின் அருகே நின்று பார்ப்பவர்கள் அதனைக் கண்ணாரக் காணலாம். மூத்தவர் ஒரு கணம் அதனைப் பார்த்து, திரும்பித் தம்பியிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தார், பின் மூடிக்கொண்டார். இளையவர் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

அவ்விடத்தைத் தாண்டி ஒரு வளைவில் ஏற்றம் சற்றுக் கடுமையாயிற்று. மூத்தவர் எழுந்து நின்று வலக்காலை ஊன்றி மிதித்தார். அக்கணமே அந்தப் பின் முறிந்தது. கிராங்கு சுழன்றது, கால் வழுக்கியது. வண்டி பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்தது. மூத்தவர் பாதையோரக் கல்லின்மேல் விழுந்தார். அந்தக் கல் அங்கே இல்லாதிருந்தால் அவருக்கும் பள்ளத்திற்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான்.

“அண்ணே!”

மலையெங்கும் அந்தக் குரல் எதிரொலித்தது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு எங்களுக்கிடையே எழுந்த முதற்சொல் அதுதான். இளையவர் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அண்ணனை இரு கைகளாலும் இழுத்து நடுப்பாதையில் கிடத்தினார். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தம் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அவர் கைகள் நடுங்கின.

பிறகு தோல் பையைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். புத்தம் புதிய காட்டர் பின். அந்த வண்டிக்குரிய அதே அளவு. சுத்தியலும் குறடும் கொண்டு முறிந்த துண்டுகளை வெளியேற்றி, புதியதைப் பொருத்தி, நட்டை முடுக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூத்தவர் கல்லில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

காவல் குடிசையில்

மாலையில் மூடுபனி இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. ஒரு காப்பித் தோட்டத்துக் காவற்காரர் இரக்கப்பட்டுத் தம் குடிசையில் இடம் தந்தார். விறகடுப்பின் அருகே அமர்ந்து, சுடச்சுடக் கடுங்காப்பி குடித்தோம். முறுக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தோம். அவர் உறங்கிய பிறகு, மூத்தவர் நெருப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தப் பின்னை எங்க வாங்குன?”

“நம்ம கடையிலேருந்து எடுத்து வச்சேன். புறப்படுறதுக்கு முந்தின நாள்.”

“அப்பவே தெரியுமா?”

“நீங்க கடைப்பக்கமா ஓட்டிக்கிட்டுப் போனப்பவே லேசாச் சத்தம் கேட்டுச்சு. திண்டுக்கல் தாண்டினதும் நல்லாவே கேட்டுச்சு. ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன். நீங்களா கேக்கட்டும்னு இருந்துட்டேன். நீங்க விழுந்திருந்தா…” அதற்குமேல் இளையவரால் பேச இயலவில்லை. வளர்ந்த ஆண்மகன், இரண்டு குழந்தைகளுக்குத் தந்தை, முழங்காலில் முகம் புதைத்து அழுதார்.

மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் கோபம் கொண்டிருக்கிறார் என்று இளையவர் எண்ணினார். அது கோபமன்று. அவர் தம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ என்னைக் கவுத்துவிட நெனச்சது ரெண்டு நாள். நான் ஒன்னக் கவுத்து ஒன்றரை வருசம் ஆச்சு” என்று மெல்லச் சொன்னார். “ஆஸ்பத்திரிச் செலவு ஆயிரத்து இருநூறுன்னு பெரியவங்க முன்னால சொன்னேனே, அதுல ஐந்நூறு ரூபாய் அப்பா குடுத்தது. சீட்டு எடுத்த பணம். ஒனக்கு வேணும்னு கட்டிக்கிட்டு வந்த சீட்டு. எங்கிட்டக் குடுத்து, தம்பி கடைக்கு முதலாப் போட்டுக் குடுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டேன். கணக்குல மட்டும் எழுதல.”

காட்டில் எங்கோ நீர் ஓடும் ஓசை கேட்டது. அடுப்பில் விறகு சரிந்தது. அன்றிரவு நாங்கள் அதற்குமேல் அதிகம் பேசவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை இருவரில் ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. குளிர் கடுமையாக இருந்தது. ஒருவர் கம்பளியின்மேல் மற்றொருவர் கம்பளியைப் போட்டு, சிறுவயதில் அப்பாவின் இருபுறமும் படுத்ததுபோல, நெருங்கிப் படுத்துறங்கினோம்.

சுத்தியலும் குறடும்

ஞாயிறு காலை, முழங்கால் வலியுடன் மூத்தவர் நடக்க, இளையவர் இரு வண்டிகளையும் இரு கைகளால் தள்ளிக்கொண்டு வந்தார். சிறிது தூரம் சென்றதும் ஒன்றை மூத்தவர் வாங்கிக்கொண்டார். பெருமாள்மலையைக் கடந்து, வெள்ளி நீர்வீழ்ச்சியில் முகம் கழுவினோம். அந்த நீரின் குளிர்ச்சி பற்களைக் கூசச் செய்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்று மூத்தவர் வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியதுண்டு. அதன் பொருளை அன்றுதான் உடலால் உணர்ந்தார்! 1895 முதல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரி நடத்திய செண்பகனூரைத் தாண்டி, பிற்பகலில் கொடைக்கானலை அடைந்தோம்.

சலேத் மாதா ஆலயம் 1866-இல் எழுந்தது. அதற்கு இருபதே ஆண்டுகளுக்கு முன், 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், லா சலேத் என்னும் சிற்றூரின் மேய்ச்சல் நிலத்தில், மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு ஏழைச் சிறார்களுக்கு அன்னை காட்சி தந்தார். அவ்விடமும் 1,800 மீட்டர் உயரமுள்ள மலைதான். முகத்தைக் கைகளில் புதைத்து அழுதபடி ஒரு பெண்மணி அமர்ந்திருப்பதையே அச்சிறுவர் முதலில் கண்டனர். ஐந்தாண்டு ஆய்வுக்குப்பின், 1851-இல் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்று அறிவித்தார். சலேத் அன்னையை ‘பாவிகளை ஒப்புரவாக்கும் அன்னை’ என்று திருச்சபை போற்றுகிறது.

இவையெல்லாம் திருவிழாவில் வாங்கிய ஒரு சிறு நூலிலிருந்து நாங்கள் அறிந்தவை. ஆனால் எங்களை அசைத்தது அதனுடன் வாங்கிய ஒரு மாதா படம். அன்னையின் மார்பில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தின் ஒருபுறம் ஒரு சுத்தியலும் மறுபுறம் ஒரு குறடும் இருந்தன. சுத்தியல் ஆண்டவரைச் சிலுவையில் அறைவது; குறடு அந்த ஆணிகளைப் பிடுங்குவது. நம் பாவங்களால் அறைகிறோம், மனத்துயரால் பிடுங்குகிறோம் என்று பெரியோர் பொருள் கூறுவர். இளையவர் அந்தப் படத்தையும் தம் தோல் பையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எழுந்து சென்று ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் மூத்தவர் நின்றார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவர், எங்களை அந்த வரிசைக்கு அனுப்புமுன் ஒரு காவல் குடிசைக்கு அனுப்பியிருந்தார்.

மறுநாள் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலியில் தந்தையாரின் பெயரால் காணிக்கை செலுத்தினோம். இருபத்து நான்கு ஆண்டுக் கடன் தீர்ந்தது. வெளியே வந்தபோது வயது முதிர்ந்த ஒரு குருவானவர், மண்ணும் சேறும் படிந்த எங்கள் வண்டிகளைக் கண்டு வியந்து, வந்த வழியை விசாரித்தார். தீர்த்தம் தெளித்து இரு வண்டிகளையும் மந்திரித்தார். மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஒரு மாதா உண்டு என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு மலைக்கணவாயில் கிசால்லோ மாதாவின் சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த ஆலயத்தின் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்கள் ஓட்டிய மிதிவண்டிகள் காணிக்கையாக மாட்டப்பட்டுள்ளன.

அவ்வீரர்களுள் ஒருவரான ஜீனோ பார்த்தாலியைப் பற்றிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தோம். 1938-லும் 1948-லும் பிரான்சைச் சுற்றிவரும் மாபெரும் பந்தயத்தில் வென்றவர். ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-44-ஆம் ஆண்டுகளில், பயிற்சி செய்பவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே மிதிவண்டியில் சென்று, வண்டியின் குழாய்களுக்குள் ஆவணங்களை மறைத்துக் கொண்டுபோனார். கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்படவிருந்த யூதர்களைக் காக்கும் ஆவணங்கள் அவை. 2000-ஆம் ஆண்டில் மறையும்வரை அதைப் பற்றி அவர் வாய் திறந்து பெருமை பேசியதில்லை. 2013-இல்தான் இஸ்ரயேல் நாட்டின் யாத் வாசேம் நினைவகம் அவரைச் சிறப்பித்தது. அதைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறர் உயிரைக் காத்ததற்கே கணக்கு எழுதாத மனிதர் அவர். பெற்ற தந்தைக்குச் செய்ததை ரூபாய் கணக்கில் எழுதிப் பஞ்சாயத்தில் வாசித்தவர்கள் நாங்கள்.

இறக்கமும் இல்லமும்

செவ்வாய்க்கிழமை கீழே இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. அதிலும், தந்தையாரின் வண்டியில் தடைக்கட்டைகள் தேய்ந்திருந்தன. புறப்படும்போது இளையவர் அதனைத் தாம் எடுத்துக்கொண்டு, தம் நல்ல வண்டியை அண்ணனிடம் தந்தார். “இப்ப இந்த வண்டியோட கொணம் எனக்குத்தான் தெரியும்” என்றார். இடைவிடாது தடையைப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறும், ரப்பர் கட்டை தேயும், பின் பிடிக்காது. எனவே சிறிது தூரத்திற்கொருமுறை நிறுத்தி, விளிம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே இறங்கினோம். அப்படி நின்ற இடங்களிலெல்லாம் பேசினோம். மூத்தவர் விழுந்த கல்லின் அருகேயும் நின்றோம். அங்கே ஒரு செபமாலை சொன்னோம். தலையாறு அருவியை இம்முறை இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

ஆகஸ்டு 18, வியாழன் மாலை ஊர் திரும்பினோம். ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தோம். அம்மா வாசலில் நின்றார். அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் வண்டியில் இளைய மகனும், இளையவன் வண்டியில் மூத்த மகனும் பக்கத்தில் பக்கமாக வந்து இறங்கியதைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கைகால் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றார். எந்த வீட்டுச் சோறு என்று சொல்லவில்லை.

மறு வாரம் மூத்தவர் 500 ரூபாயை இளையவரிடம் நீட்டினார். இளையவர் வாங்கவில்லை. மூத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு நாள் அது மாதா படத்தின் முன்னால் கிடந்தது. மூன்றாம் நாள் கொத்தனாரை அழைத்து, முற்றத்துச் சுவரின் நடுவே ஒரு வாசல் உடைக்கச் சொன்னோம். அந்தப் பணத்தில்தான் நிலையும் கதவும் வாங்கினோம். மீதி இருந்த சிறு தொகையைத் தந்தையார் செபம் சொன்ன ஒரு சிற்றூர்க் கோவிலுக்கு விளக்கெண்ணெய்க்காகக் கொடுத்தோம்.

சுவரை முழுவதும் இடித்துவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்டனர். இரண்டு குடும்பங்கள், இரண்டு அடுப்புகள், வளரும் பிள்ளைகள். சுவர் ஒரு வசதியும்தான். எங்களிடையே பிணக்கே வந்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கிணற்று நீருக்காகவும் பிள்ளைகளின் சண்டைக்காகவும் கோபித்துக்கொண்ட நாட்களுண்டு. ஆனால் அந்தக் கதவுக்கு நாங்கள் தாழ்ப்பாள் வைக்கவில்லை. 1996-இல் இறக்கும்வரை அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்ததேயில்லை. பசித்தபோது எந்த அடுப்பில் மணம் வந்ததோ அந்தப் பக்கம் போய் உண்டார்.

இன்று அந்த மலைப்பாதையில் ஊர்திகள் இடையறாது செல்கின்றன. பல பற்சக்கரங்கள் கொண்ட இலேசான மிதிவண்டிகளில் இளைஞர்கள் ஒரே நாளில் ஏறி விடுகிறார்கள் என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். எங்களுக்கு இரண்டு நாள் சமவெளியும் ஒரு முறிந்த ஆணியும் தேவைப்பட்டன.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டில் உடன்பிறந்தாரோடு பேச்சற்று இருப்பவர் யாரேனும் இருக்கலாம். அவர் வண்டியில் எழும் ‘டொக்’ என்னும் ஒலி உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கலாம். அவரே வந்து கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். பையில் இருக்கும் ஆணியை எடுத்துக்கொண்டு நீங்களே முன்னால் செல்லுங்கள்.

தந்தையாரின் வண்டி எங்கள் முற்றத்தில், அந்தக் கதவின் அருகில் இன்னும் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பின் இன்றளவும் தளரவில்லை.